இரண்டாயிரத்து நூற்று நாற்பதாம் வரி

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு யாராவது, "ஏம்மா இப்படி எழுதின அந்த மனுசனுக்கு?" என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில், ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். வக்கீல் யார் பேச்சையோ கேட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவந்தார். டைப்ரைட்டரில் பாதி உயரம் இருக்கும். அதை டிவியில் மாட்டவேண்டும். புரோகிராமைப் பாட்டுக் கேட்கிற கேசட்டிலேயே பதிந்து வைக்கவேண்டும். ஆபீசில் டிவி கிடையாது. இரண்டு மாதம் அது என் மேசைக்கடியில் காலை இடித்துக்கொண்டு கிடந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன், இது எதற்கு என்று. "நீயே வீட்டுக்குக் கொண்டு போ, இங்க இருந்தா சூசாதான், வெறும் தொல்லை" என்றார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அப்பாவும் அம்மாவும் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். வேலையை விட்டு ஈப்போவுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல துணி தைக்கலாமா?" என்று கேட்டார்.

என்னதான் செய்யலாம் என்று எனக்கும் தெரியவில்லை. தெரியாத ஒன்று வீட்டில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பழைய டவுனில் ஒரு தையல் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. சேர்ந்தேன். கடைசி வரிசையில் தமிழர்கள் மூன்று பேர். நான் ஒருத்தி. லூமுட்டில் கடற்படைத் தளத்தில் ரேடியோ பழுது பார்க்கிற அண்ணன் ஒருவர். தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த அக்கா ஒருவர். அந்த அக்காவை அவர் வீட்டுக்காரர் காரில் கூட்டிவந்து, வகுப்பு முடியும்வரை கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பார். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறவர். நல்ல வாய். எங்கள் மூன்று பேரையும் "மெஷினு கூட்டாளிங்க" என்பார்.

எங்கள் மூவருக்குமே விளையாட்டு எழுதத்தான் ஆசை வந்தது. அக்காவுக்குப் பிள்ளைகள் வாய்ப்பாடு படிக்கிற மாதிரி ஒரு விளையாட்டு வேண்டும். அண்ணனுக்குப் படகில் போய் மீன் பிடிக்கவேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது, திரையில் ஏதாவது ஓடினால் போதும். ஆனால் எதை எழுதினாலும் முதல் முந்நூறு வரி ஒன்றுதான். படம் வரையவேண்டும், நகர்த்தவேண்டும், எது எதன்மேல் மோதியது என்று பார்க்கவேண்டும், எந்த விசை அழுந்தியது என்று கேட்கவேண்டும். இதை மூன்று பேரும் மூன்று வீட்டில் தனித்தனியாக எழுதி, தனித்தனியாகத் தப்புவிட்டுக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் காப்பிக்கடையில் இதைச் சொல்லிப் புலம்பினோம். லாரிக்காரர் ரொட்டியைக் குழம்பில் தொட்டுக்கொண்டே கேட்டார். "ஏன் ஆளுக்கொரு லாரிய முழுசாக் கட்டுறீங்க? சேசிய, அடிச்சட்டத்த, ஒண்ணாப் போடுங்க லா. மேல பாடிய அவங்கவங்க கட்டிக்கலாம். சுங்கை சிப்புட்டுல பட்டறைக்காரன் அப்படித்தானே செய்றான்?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏழு வாரம் வகுப்பில் உட்கார்ந்தும் எங்களுக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அந்தப் பொதுப் புரோகிராமுக்குப் பெயர் சேசி.

வேலையைப் பிரித்தது நான். அந்த மெஷினில் ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டுத்தான் எழுதவேண்டும். ஆயிரத்திலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வரை எனக்கு, அது படம் வரைகிற வேலை. இரண்டாயிரம் வரிசை லூமுட் அண்ணனுக்கு, நகர்வதும் மோதுவதும். மூவாயிரம் வரிசை அக்காவுக்கு, விசையும் சத்தமும் புள்ளியும். ஐயாயிரத்துக்கு மேல் யார் வேண்டுமானாலும் தங்கள் சொந்த விளையாட்டை எழுதிக்கொள்ளலாம். இதற்கு நான் வைத்த பெயர் நிரை. தோட்டத்தில் ஒவ்வொரு வெட்டுக்காரருக்கும் இத்தனை மரம் என்று வரிசை பிரித்துக் கொடுப்பார்கள், அதுதான் நிரை. உன் நிரையில் நீதான் வெட்டவேண்டும். பக்கத்து நிரையில் மரத்தில் கட்டிய பால் மங்கு நிரம்பி வழிந்தால்கூடக் கை வைக்கக் கூடாது, வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம்தான் சொல்லவேண்டும். லூமுட் அண்ணனும் தோட்டத்தில் பிறந்தவர், அக்காவும் அப்படித்தான். விளக்கமே தேவைப்படவில்லை. நிரை என்றதும் இருவரும் தலையாட்டிவிட்டார்கள்.

மாதம் ஒருமுறை அவரவர் நிரையைத் திருத்தி, கேசட்டில் பதிந்து, பிஸ்கட் டின்னில் வைத்து எனக்கு அனுப்புவார்கள். பஸ் கண்டக்டர்கள் பழக்கமாகிவிட்டார்கள். நான் மூன்றையும் ஒட்டி, புதுச் சேசியைப் பதிந்து திருப்பி அனுப்புவேன். கேசட் டப்பாவுக்குள் ஒரு துண்டுத்தாள், என்ன மாற்றினோம் என்று. வெற்றுக் கேசட் கொண்டுவந்து கொடுத்தால் யாருக்கும் சேசி தருவோம். ஒரே ஒரு வேண்டுகோள், நீ அதில் ஏதாவது நல்லது செய்தால் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பு. சும்மா சொல்லக்கூடாது, அனுப்பினார்கள். ரேடியோ கடைச் சீனர் ஒருவர் அதன்மேல் மாஜோங் காய் அடுக்குகிற ஆட்டம் கட்டிக் கொடுத்தார். யாரென்றே தெரியாத ஒருவர் பாம்பு ஊர்கிற ஆட்டம் அனுப்பினார். அந்தப் பாம்பை என்னுடைய ஆயிரத்து இருநூறாம் வரிதான் வரைந்துகொண்டிருந்தது. நான் நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்று என் வரிமேல் ஊர்கிறது. டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்தேன். அம்மா வந்து, பாம்பைப் பார்த்து இளிக்கிறவளை இன்றுதான் பார்க்கிறேன் என்றார்.

ஒரு வருடம் இப்படிப் போயிற்று. அப்புறம் லாரிக்காரருக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரிந்தது. கால் மெல்ல வந்தது. இடது கைதான் வரவில்லை. முதல் சில மாதம்தான் முக்கியம், கையை சும்மா விடாமல் தினமும் ஏதாவது செய்ய வையுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பந்தைக் கொடுத்தால் தூக்கிப் போட்டுவிடுவாராம். "நான் என்ன சின்னப் புள்ளையா?" என்பாராம். மறுபடி லாரி ஓட்ட முடியுமா என்று யாரும் அவரிடம் பேசவில்லை. அவர் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் துண்டுத்தாளில் வந்தது இதுதான்: "தங்கச்சி, எங்க வீட்டு அண்ணனுக்கு ஒரு லாரி ஆட்டம் கட்டலாமா? இடது பக்கம் போற விசைய இடது கையால அழுத்துற மாதிரி நான் வச்சிக்கிறேன்."

கட்டினோம். கை ஓடிய வேகத்துக்கு மூன்றே வாரம். தோட்டத்தில் குலை ஏற்றிக்கொண்டு, சந்து பொந்தெல்லாம் வளைந்து, செம்பனை ஆலைக்குக் கொண்டு சேர்க்கவேண்டும். ஆலையைத் திரையின் இடது மேல் மூலையில் வைத்தார் அக்கா. அப்போதுதானே இடது கை வேலை செய்யும். அதுவரை சேசியில் எந்த உருவமும் ஒரு கட்டம்தான். ஒரு கட்டத்தில் லாரி போட்டால் தீப்பெட்டி மாதிரி இருந்தது. லாரிக்காரருக்கே தீப்பெட்டியா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. என் நிரையை மாற்றி, தலை ஒரு கட்டம், பாடி ஒரு கட்டம் என்று இரண்டு கட்ட லாரி வரைந்தேன். சக்கரம்கூடத் தெரியும். நடுத்திரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டிப் பார்த்தேன். அழகு. அந்த அழகில் மயங்கி, ஆலைவரை ஓட்டிப் பார்க்காமலே பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அடுத்த வாரம் தாள் வந்தது. லாரி ஆலைக்குள் நுழைகிற நேரத்தில் எல்லாம் நின்றுபோகிறது. நானும் ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். மூலையைத் தொட்டதும் ஆட்டம் செத்தது. திரையில் மெஷின் எழுதியது: இரண்டாயிரத்து நூற்று நாற்பதாம் வரியில் தவறு.

இரண்டாயிரம் வரிசை. லூமுட் அண்ணன் நிரை.

அண்ணனுக்கு எழுதினேன், 2140 உடைகிறது, பாருங்கள் என்று. "பார்க்கிறேன் தங்கச்சி" என்று பதில் வந்தது. அடுத்த மாதம் கேசட் வந்தது, ஒட்டினேன், ஓட்டினேன். மறுபடி 2140. இப்போது கொஞ்சம் சூடாக எழுதினேன். அதற்கடுத்த கேசட்டில் துண்டுத்தாளே இல்லை. ஆட்டம் அதே இடத்தில் நின்றது. அங்கே ஒரு மனுசர் தினமும் அரை மணி நேரம் பாடுபட்டு, வராத கையை வரவழைத்து லாரியை மூலைவரை கொண்டுபோகிறார். போய்ச் சேர்ந்ததும் ஆட்டம் செத்துப்போகிறது. அக்காவுக்கு நான் என்ன சொல்வது? அது லூமுட் அண்ணன் நிரை அக்கா, அவர்தான் பார்க்கணும் என்று ஆறு மாதம் சொன்னேன். கடைசியாக அண்ணனுக்கு எழுதினேனே ஒரு கடிதம், இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. "உங்களுக்குக் கடலைப் பார்க்கத்தான் நேரம் போலிருக்கு. முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க, ஒரு நோயாளியை வச்சி விளையாடாதீங்க." இதற்கும் பதில் இல்லை.

இத்தனைக்கும் அவர் நிரையின் வரிகள் என் வீட்டில்தான் இருந்தன. ஒவ்வொரு மாதமும் என் கையால்தான் ஒட்டினேன். எண் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன், வரியைப் படிக்கமாட்டேன். திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. பார்க்கவில்லை. தோட்டத்தில் பக்கத்து நிரைக்காரி கத்தியை எவ்வளவு ஆழம் வைக்கிறாள் என்று எட்டிப் பார்த்தால்கூட அம்மா முறைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு உட்கார்ந்தபோது, எனக்கே என்மேல் ஒரு கேள்வி வந்தது. தோட்டத்திலாவது மண்டோர் இருந்தான். இங்கே நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது? அதைவிட, 2140-இல் அப்படி என்னதான் இருக்கிறது? அந்தக் கேள்வி வந்தபிறகு என்னால் உட்கார முடியவில்லை. வருவது வரட்டும் என்று இரண்டாயிரத்திலிருந்து திரையில் வரவழைத்தேன்.

சுத்தமான எழுத்து. அண்ணன் பேசுவதைப் போலவே, தேவையில்லாமல் ஒரு வார்த்தை கிடையாது. 2140 லாரியின் வேகத்தை எடுத்துப் பெருக்குகிற சாதாரண வரி. அதில் எந்தத் தப்பும் இல்லை. அதற்கு அடுத்த வரி 2141. அது குறிப்பு வரி, மெஷின் அதைத் தாண்டிப் போய்விடும், படிக்கிற மனிதருக்காக மட்டும் எழுதுவது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"வேகம் இங்கே கெடவில்லை. 1360-இல் கெடுகிறது. தங்கச்சி நிரை. நான் கை வைக்கவில்லை. பார்க்கவும்."

1360-ஐ எடுத்துப் பார்த்தேன். லாரி நகர்ந்ததும் அது இருந்த பழைய இடத்தை அழிக்கிற வரி. இரண்டு கட்ட லாரி என்பதால் ஒரு கட்டம் கூடுதலாக இடது பக்கம் தள்ளி அழிக்கச் சொல்லியிருந்தேன். நடுத்திரையில் அது சரி. இடது மேல் மூலைக்குப் போனால் அதற்குப் பக்கத்தில் கட்டமே கிடையாது, திரையே அங்கே ஆரம்பிக்கிறது. மெஷினுக்கு அது தெரியுமா? திரைக்கு வெளியே போய், அண்ணன் தன் வேகக் கணக்கை வைத்திருந்த இடத்தை அழித்துவிட்டது. அடுத்து 2140 வந்து வேகத்தைக் கேட்கும்போது அங்கே குப்பை இருந்தது. தவறு செய்தது ஒரு வரி, மெஷின் கைகாட்டியது இன்னொரு வரியை. நான் மெஷினை நம்பினேன். அந்தக் குறிப்பு நாலு மாதமாக என் கேசட்டிலேயே இருந்தது. நானே பிரதியெடுத்து நாலு ஊருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அரை மணி நேரத்தில் சரிசெய்தேன். ஒரு வரி. மூலையில் இருந்தால் அழிக்காதே, அவ்வளவுதான். மதியம் லூமுட்டுக்கு பஸ் ஏறினேன்.

அண்ணன் படகுத்துறைக்குப் பக்கத்துக் கடையில் தே தாரே, நுரை பொங்க ஆற்றிய பால் டீ, குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்தேன்.

"1360 பாத்துட்டேன்ணே."

"ஆ" என்றார்.

"ஏண்ணே வாயத் தொறந்து சொல்லல?"

"எழுதி வச்சேனே."

"உங்க நிரைக்குள்ள எழுதி வச்சா நான் எப்படிண்ணே படிப்பேன்? நம்மதான் அடுத்தவங்க நிரைக்குள்ள போறதில்லையே."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா லா" என்றார். அவருக்கும் அது அப்போதுதான் தோன்றியது. "நீ ரொம்பக் கோவமா எழுதியிருந்த. உன் தப்புன்னு திருப்பி எழுதினா நல்லாருக்காதுன்னு பட்டுச்சி. என்னோட எடத்துல எழுதி வச்சா, என்னிக்காவது நீ பாப்பேன்னு நெனச்சேன்."

மன்னிச்சிருங்கண்ணே என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் சங்கடப்பட்டு எனக்கு ஒரு தே சொன்னார். அன்றைக்கே அங்கேயே பேசி முடிவு செய்தோம், இனி யார் வேண்டுமானாலும் யார் நிரையையும் படிக்கலாம். படிக்கவேண்டும். கை வைக்குமுன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சேசி அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஓடியது, மெஷின்கள் மாறிப்போகும்வரை.

புதுக் கேசட்டைத் தெலுக் இந்தானுக்கு அனுப்பிவிட்டு, சந்தோஷமான துண்டுத்தாளுக்குக் காத்திருந்தேன். வந்தது. "ஆட்டம் இப்ப நிக்கல தங்கச்சி, நான் ஓட்டிப் பாத்தேன். ஆனா எங்க வீட்டு அண்ணன் ஆலைப் பக்கமே போக மாட்டேங்கிறாரு. மூலைக்கு ரெண்டு கட்டம் முன்னாடியே நிறுத்தி, திரும்பிடறாரு. சரியாப் போச்சின்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இதற்காகவா ஆறு மாதம்? அடுத்த விடுமுறைக்கு நானே போனேன்.

மெலிந்திருந்தார். பேச்சு நன்றாகத் தெளிந்திருந்தது. "வா மெஷினு" என்றார். டிவி முன்னால் உட்கார்ந்து எனக்கு ஓட்டிக் காட்டினார். இடது கை விரல் மெதுவாக எழும்பி, விசைமேல் வந்து, தயங்கி அழுத்தியது. லாரி குலை ஏற்றிக்கொண்டு வளைந்து வளைந்து மேல் வரிசைக்கு வந்தது. மூலைக்கு இரண்டு கட்டம் இருக்கும்போது கையை எடுத்துவிட்டார்.

"இன்னும் போங்கண்ணே" என்றேன்.

"வேணாம்மா. ஒடஞ்சிடும்."

"ஒடையாதுண்ணே. சரி பண்ணியாச்சி."

"இவளும் அதத்தான் சொல்றா" என்று அக்காவைக் காட்டிச் சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. "மெஷின்லதான் கோளாறு, மெஷின்லதான் கோளாறுன்னு மொதல்லேருந்து சொல்றா. பாவம்."

அந்தப் "பாவம்" எனக்கு எங்கேயோ உறுத்தியது. அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "அண்ணே, மெஷின்ல கோளாறு இல்ல. நான் தப்பா எழுதிட்டேன். ஒங்களுக்குப் பெரிய லாரியாப் போடணும்னு போட்டேன், மூலைக்குப் போனா என்ன ஆவும்னு பாக்கல. அதான் நின்னுச்சி. ஒவ்வொரு தடவையும் என்னாலதான் நின்னுச்சி."

அவர் என்னையே பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"நெசமாவா?"

"சத்தியமாண்ணே."

"நான் இந்தக் கையால அழுத்தும்போதுதானே நின்னுச்சி" என்றார். இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "நாந்தான் எசகு பெசகா அழுத்தி ஒடைக்கிறேன்னு நெனச்சேன். இவ என்னைத் தேத்துறதுக்கு மெஷின் மேல பழி போடுறான்னு நெனச்சேன். ஒரு மெஷினு பொத்தான அழுத்தக்கூட லாயக்கில்லாத கை, இதுக்கு எதுக்குப் பயிற்சின்னு பாதி நாள் தொடாமலே விட்டுட்டேன்மா."

அக்கா சமையற்கட்டு வாசலில் நின்றபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆறு மாதம். அந்த முக்கியமான மாதங்கள் எல்லாம். என் தப்பை ஒரு மனிதர் தன் கையின் தப்பு என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அவர் கையை மறுபடி விசைமேல் வைத்தார். லாரி ஒரு கட்டம் நகர்ந்தது. இன்னொரு கட்டம். ஆலைக்குள் நுழைந்தது. அக்கா எழுதியிருந்த மணிச் சத்தம் கேட்டது, தன் கை ஓட்டி அவர் அதைக் கேட்பது அதுதான் முதல்முறை. லாரி காலியாகத் தோட்டத்துக்குத் திரும்பி நின்றது.

அவர் அடுத்த குலையை ஏற்றினார்.